நாற்பது நாள் முருங்கையிலை

என் மனுசன் பேதுருவுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்திரண்டு வருசம் ஒன்றாகச் சோறு தின்றவள் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் பங்குனி முதல் கிழமை, கிளினிக்கில் ஐம்பது பேர் கேட்க, அவரைப் பொய்யன் என்று சொன்னேன்.

எங்கள் வீடு பள்ளிமுனையில். ஒரே மகள் சுகந்தினி கொழும்பில் வேலை செய்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் நண்டுச் சதை பிரிக்கிற கம்பனிக்குப் போகிறேன். பேதுரு ஒரு காலத்தில் சங்கு குளித்தவர், இப்போது வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறார். பத்து வயதில் மண்டபம் அகதி முகாமில் அவருக்கு வந்த ஒரு காய்ச்சல், இருதயத்துக் கதவு ஒன்றைச் சத்தமில்லாமல் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கிறது. முப்பத்தைந்து வருசம் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் அது தெரிந்தது. போன ஆவணியில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து, அந்தக் கதவை எடுத்துவிட்டு, உலோகத்தில் ஒரு வால்வு வைத்தார்கள். நெஞ்சில் காது வைத்தால் அது திறந்து மூடுகிற சின்னச் சத்தம் கேட்கும்.

உலோக வால்வில் ஒரு தொல்லை உண்டு. இரத்தம் அதில் பட்டுத் தடித்துக் கட்டியாகப் பார்க்கும். கட்டி பிடித்தால் வால்வு இறுகிவிடும். கட்டி கழன்றால் நேரே மூளைக்குப் போகும். அதைத் தடுக்க வாபரின் என்கிற குளிசையைச் சாகும்வரை போட வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டி பிடிக்கும், கூடினால் வடிகிற இரத்தம் நிற்காது. அளவு சரியா என்று கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஐ.என்.ஆர். என்று ஓர் எண் வரும். பேதுருவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு நீலக் குளிசை, இரண்டு மண்ணிறக் குளிசை, மொத்தம் ஐந்து மில்லிகிராம். அந்த அளவில் கார்த்திகையிலிருந்து மாசி தொடக்கம் வரை எண் சொன்னபடி நின்றது.

கிளினிக் தாதி வேணுஜா மிஸ் முதல் நாளே எங்களை இருத்தி வைத்துச் சொல்லித் தந்தவர். இலைக்கறியை விடத் தேவையில்லை, ஆனால் எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், கூட்டுவதென்றாலும் குறைப்பதென்றாலும் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். நான் நன்றாகத் தலையாட்டினேன். எனக்கு வேண்டியது மட்டும் என் காதில் தங்கும். இலைக்கறியை விடத் தேவையில்லை என்பது தங்கியது, மிச்சம் வாசலோடு போய்விட்டது.

இனி நான் வைத்த நேர்த்திக்கடனுக்கு வருகிறேன். அவரைச் சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போன அன்று, கதவு மூடியதும் சுவரோடு நின்று மடு மாதாவிடம் பேரம் பேசினேன். இந்த மனுசனை உயிரோடு வெளியே தாருங்கோ, வருகிற தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் அடுப்பில் மீன் வேகாது, இறைச்சி முட்டை ஒன்றும் வேகாது, இலையும் பருப்பும்தான் என்றேன். வேறு ஊர்க்காரருக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். இறைச்சி விலக்குகிற வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்துக்கே இரண்டு மீன் கறி வைக்கிற ஊர் எங்களது. மாதா தன் சொல்லைக் காப்பாற்றினா. நான் என் சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?

நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனில் கோயில் சுவாமியும் அதைத்தான் சொல்வார், நோன்பிருக்கிறவன் அதை முகத்தில் காட்டித் திரியக்கூடாது என்று. வெளியில் சொன்னால் நேர்த்தி பலிக்காது என்பது அம்மா அதோடு சேர்த்தது. ஆகவே பேதுருவுக்கும் நான் முழுதாகச் சொல்லவில்லை. தவக்காலம், இந்த முறை மீன் வேண்டாம் என்றேன். அவர் ஓம் என்றார். என்ன வைத்தாலும் ஓம் என்கிற ஆள்.

வேலியோரம் எங்களுக்கு மூன்று முருங்கை. விபூதிப் புதனிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பு ஒடித்தேன். மத்தியானம் முருங்கையிலை வறை, இரவில் முருங்கையிலைச் சொதி, காலையில் சில நாள் இலைக்கஞ்சி. சந்தையில் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துப் பொன்னாங்காணி வந்தால் அதையும் வாங்கினேன். முருங்கையிலை சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். நேர்த்திக்கு நேர்த்தி, மருந்துக்கு மருந்து என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாள் முழுக்க கம்பனியில் நண்டு உடைத்துவிட்டு வந்து அதே கையால் இலை உருவும்போது, ஏதோ பெரிய தவம் செய்கிற மாதிரி ஒரு பெருமையும் இருந்தது.

மூன்றாம் கிழமை கிளினிக். எண் ஒன்று தசம் ஆறு.

டொக்டர் வஸீர் எண்களை எழுதுகிற கொப்பியைப் பார்த்தார், பேதுருவைப் பார்த்தார். போன கிளினிக்குக்குப் பிறகு குளிசை விட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் பேதுரு. ஒரு நாளாவது? இல்லை. டொக்டர் பெருமூச்சு விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று எங்களுக்கு முன்னால் இருந்தவர் கட்டுக்கரைப் பக்கத்துக் கமக்காரர் சிவசுப்பிரமணியம். அறுவடை மும்முரத்தில் பத்து நாள் குளிசையை விட்டவர். இப்போது வலது கை தொங்குகிறது, வாய் ஒரு பக்கம் கோணி, மனைவி பெயரையே முழுதாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தக் கையில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த இடத்தில் பேதுருவை வைத்துப் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வாய்வழி வரும்.

வேணுஜா மிஸ் என்னிடம் கேட்டார், சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று.

"இல்லை மிஸ், வழமையான சோறு கறிதான்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கண்கூடச் சிமிட்டவில்லை. மாதாவுக்கும் எனக்கும் நடுவில் உள்ளதை மிஸ்ஸுக்கு ஏன் சொல்ல வேண்டும், இலைக்கும் குளிசைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று நினைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"டொக்டர், இவர் பொய் சொல்லுறார். தைமாதத் திருவிழாவுக்குப் போன இடத்திலயும் குளிசை போடேல்லை. ஆளைக் கொஞ்சம் பேசுங்கோ."

கதிரைகளில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். பள்ளிமுனை ஆட்களும் அதில் இருந்தார்கள். தை மாதம் அவர் ஒரு நாள் குளிசை விட்டது உண்மை. அது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாள் காலையில் அவரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். அந்த மனுசன் தானாகச் சொன்ன உண்மையைத்தான் அவருக்கு எதிராக எடுத்து வீசினேன்.

டொக்டர் அவரைக் கண்டித்துப் பேசினார். அளவை ஆறாகக் கூட்டினார். பேதுரு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றும்போது ஒரே ஒரு முறை சொன்னார்.

"இந்தத் தவக்காலத்தில நான் ஒரு நாளும் விடேல்லை, அகஸ்ரினா."

நான் குளிசைகளை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை என் ஜெபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து பின்னேரம் ஆறு மணிக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். தண்ணீர் குடித்த பிறகு வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றார். எனக்கு வெட்கம் வரவில்லை. நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு வெட்கம் லேசில் வராது.

அடுத்த முறை எண் ஒன்று தசம் எட்டு. என் கண் முன்னால் விழுங்கியும் அது ஏறவில்லை. அப்போதாவது எனக்கு மண்டையில் தட்டியிருக்க வேண்டும். குளிசை வயிற்றுக்குள் போகிறது, எண் ஏறவில்லை, அப்படியென்றால் முன்பும் அவர் விட்டிருக்கமாட்டார் என்று ஒரு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் கம்பனிக்குப் போன பிறகு விரலை விட்டுச் சத்தி எடுக்கிறார் என்று நினைத்தேன். பின்னேரம் போடுகிற குளிசையை அடுத்த நாள் காலையில் எப்படிச் சத்தி எடுப்பது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வேணுஜா மிஸ் மறுபடியும் சாப்பாட்டைக் கேட்டார். நானும் மறுபடியும் அதே சோறு கறியைச் சொன்னேன். அளவு ஏழாகியது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமையில் எண் இரண்டு தசம் ஆறுக்கு வந்தது. டொக்டர் சந்தோசப்பட்டார். இதுதான் உங்களுக்குச் சரியான அளவு, இதையே போடுங்கோ, ஒரு மாதம் கழித்து வாங்கோ என்றார். நான் பேதுருவைப் பார்த்து, பார்த்தீர்களா, ஒழுங்காகப் போட்டால் ஏறுகிறதுதானே என்றேன். அந்த நாட்களில் அவர் பொதுவாகவே பேச்சைக் குறைத்திருந்தார்.

உயிர்த்த ஞாயிறு விடிந்தது, நேர்த்தி முடிந்தது. நாற்பது நாள் காய்ந்து கிடந்த வாய்க்கு விளைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், நண்டுக்கறி. அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் முருங்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு அந்த வாசமே சலித்துவிட்டது. ஒரு பிடி இலைகூட எங்கள் சட்டியில் விழவில்லை. ஏழு மில்லிகிராம் மட்டும் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குத் தவறாமல் விழுந்தது.

சித்திரை வெயில் ஆளை உரித்துக்கொண்டிருந்த நாட்களில் பேதுரு முழுக்கைச் சேர்ட் போடத் தொடங்கினார். என்ன, கந்தோர் உத்தியோகமோ என்று பகிடி விட்டேன். ஓம் என்று சிரித்தார். பல் தீட்டக் கிணற்றடிக்குப் பின்னால் போனார். தலையணை உறையைத் தானே தோய்த்தார். மனுசன் திருந்தி வேலைக்கு உதவுகிறார் என்று மகளுக்குப் போனில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, கம்பனி வான் வருகிற நேரம், மலசலகூடத்துக்குள் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன், அவர் அதில் சாய்ந்து கிடந்ததால் பாதிதான் திறந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மலம் தார் மாதிரிக் கறுத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் முன்வீட்டு நௌபர் ஓடிவந்து கதவைக் கழற்றி, அவரைத் தூக்கித் தன் ஓட்டோவில் ஏற்றினார். வழி முழுக்க அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு போனேன். வால்வின் சத்தம் கேட்டது, ஆனால் விழுந்தடித்து ஓடியது.

ஆஸ்பத்திரியில் சேர்ட்டின் கையைக் கத்தரித்தார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் கட்டிய கண்டல். இடுப்பிலும் இருந்தது. வாய்க்குள் பல் முரசு முழுக்க இரத்தம். ஐ.என்.ஆர். எட்டைத் தாண்டியிருந்தது.

இரத்தம் ஏற்றினார்கள். டொக்டர் வஸீர் வந்து என்னை வெளியே கூப்பிட்டு, ஒளிக்காமல் நிலைமையைச் சொன்னார். வயிற்றுக்குள் வடிகிறது. நிறுத்த ஓர் ஊசி உண்டு, வைட்டமின் கே, இரத்தத்தைத் தடிக்கவைக்கிற சத்து. ஆனால் அதைக் கூடக் கொடுத்தால் வால்வில் கட்டி பிடிக்கும். ஆகவே கொஞ்சமாகக் கொடுத்து, மணிக்கு மணி பார்க்க வேண்டும்.

"கொடுத்தாலும் பயம், கொடுக்காட்டியும் பயம் அக்கா. பச்சை இலையள்ல இருக்கிற அதே சத்துத்தான் இது, ஆனால் இந்த நேரத்தில அளந்துதான் குடுக்கலாம்" என்றார்.

பச்சை இலை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் எல்லாம் நின்றுபோனது. நாற்பது நாள், நாளுக்கு இரண்டு வேளை. இரத்தத்தைத் தடிக்கவைக்கிற சத்தை அந்த மனுசனுக்கு அகப்பை அகப்பையாக ஊட்டிவிட்டு, குளிசை போடவில்லை என்று சந்தியில் இழுத்திருக்கிறேன். அதற்காகக் கூட்டிய குளிசையை, இலையை நிறுத்திய பிறகும் வாய் திறக்கச் சொல்லி ஊட்டியிருக்கிறேன். மாதாவோடு எனக்குக் கோபம் வந்தது. அவ என்ன செய்வா பாவம், இலைதான் வேண்டும் என்று அவவா கேட்டா?

இரண்டாம் நாள் இரத்தம் நின்றது. மூன்றாம் நாள் பேதுரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார், பேசப் பலமில்லை. டொக்டர் வந்தார், கிளினிக் கொப்பியோடு வேணுஜா மிஸ்ஸும் வந்தார். டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு, இவருக்கு ஏழு மில்லிகிராம்தான் சரியான அளவு, பெரிய கிழமையில் அதில்தான் எண் சரியாக வந்தது, இப்போது எட்டுக்குப் போனதென்றால் பேச்சு வாங்கின பயத்தில் தன்பாட்டில் கூடப் போட்டிருக்கிறார் என்றார். நாளைக்குக் குறைத்துத் தொடங்கி, மெல்லமெல்ல ஏழுக்கே கொண்டுபோவோம், வீட்டுக்குப் போன பிறகு குளிசை மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். பேதுரு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இந்த முறை இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

கூடப் போட வழியே இல்லை. திறப்பு என் கழுத்தில். அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். என் நேர்த்தியும் என் மானமும் பத்திரமாக இருக்கும். அவர் ஏழு மில்லிகிராமோடு வீட்டுக்கு வந்து, ஒரு மாதத்தில் மறுபடியும் அந்தக் கதவோடு சாய்வார். பொய் சொல்லவில்லை, ஒரு கணம் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் நிற்கிறேன்.

"டொக்டர், அவர் கூடவும் போடேல்லை, குறையவும் போடேல்லை" என்றேன். "குளிசை என்ரை கையிலதான் இருந்தது. பொய் சொன்னது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியை, முருங்கையை, காலையில் கஞ்சி மத்தியானம் வறை இரவு சொதி என்று வேளை வேளையாக, உயிர்த்த ஞாயிறோடு நிறுத்தியதை, மிஸ் இரண்டு முறை கேட்டும் மறைத்ததை. பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டார்கள், கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். வேணுஜா மிஸ் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தவர், பேனையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். டொக்டர் ஏழை வெட்டி ஐந்து என்று எழுதினார். பிறகு கட்டிலடிக்குப் போய், பேதுருவின் காலைத் தொட்டு, நாங்கள் உங்களை நம்பியிருக்க வேண்டும் அண்ணை என்றார். பேதுரு லேசாகத் தலையை ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவருடைய கை, கண்டல் பச்சையும் மஞ்சளுமாக மாறத் தொடங்கி, விரிப்பின் மேல் கிடந்தது. தொடப் பயமாக இருந்தது. எப்போதிருந்து இரத்தம் வந்தது என்று கேட்டேன். வெள்ளை ஞாயிறிலிருந்து என்றார். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறைத்தான் அப்படிச் சொல்வோம். எண்ணிப் பார்த்தேன், பதினைந்து நாள். பதினைந்து நாளும் இந்த மனுசன் கிணற்றடியில் இரத்தம் துப்பிவிட்டு வந்து, என் முன்னால் வாயைக் கொப்பளித்துக் காட்டியிருக்கிறார். நானும் அந்த வாய்க்குள் குளிசையைத் தேடினேனே தவிர முரசைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்தியது.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை நீங்கள்?"

அவர் காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். குரலில் கோபம் இருந்தால் நான் தாங்கியிருப்பேன். விலை விசாரிக்கிற மாதிரி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

"குளிசை போட்டுப் போட்டு இரத்தம் வருது எண்டு சொன்னால், நீ நம்பியிருப்பியோ?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவருடைய கண் என் முகத்திலேயே இருந்தது. குளிசையிலிருந்து தப்பக் கதை விடுகிறார் என்றுதான் சொல்லியிருப்பேன், அன்று பின்னேரம் இன்னும் கவனமாக நாக்கைத் தூக்கச் சொல்லியிருப்பேன்.

"இல்லை" என்றேன்.

"அதுதான் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.